ஒரு டிரம்மரின் கைக்குள் எத்தனை பேர்? இசைத் தாக்கங்களைத் தேடிப் பிடிக்க ஓர் எளிய அறிமுகம்

இளம் டிரம்மர் ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது தவறாமல் வரும் கேள்வி: "உங்களைப் பாதித்த கலைஞர்கள் யார் யார்?" அவரும் தயங்காமல் நாலைந்து பெயர்களைச் சொல்வார். அதில் பொய் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டு அவர் வாசிப்பைக் கேட்டால் பல நேரம் பொருந்தி வராது. சொன்னதெல்லாம் ராக் கலைஞர்களாக இருக்கும். கையோ தாளத்தை முன்னிறுத்தி ஆடவைக்கும் ஃபங்க் இசையை வாசித்துக்கொண்டிருக்கும். விரும்பிக் கேட்பது ஒன்று, கையில் படிவது வேறொன்று. நம் பேச்சில் இருக்கும் இழுவை எந்தப் பாட்டியிடமிருந்து, எந்த மாமாவிடமிருந்து வந்தது என்று நமக்கே தெரிவதில்லை அல்லவா, அது போலத்தான்.

அந்த இளைஞர் டிரம்ஸ் வாசிப்பதோடு மியூசிக் புரொட்யூசராகவும் இருந்தால் தேடல் இன்னும் சுவையாகிவிடும். இங்கே புரொட்யூசர் என்றால் பாட்டின் ஒலிக்குப் பொறுப்பானவர். எந்த ஒலியை எடுப்பது, எதை வெட்டி எங்கே ஒட்டுவது, ஸ்னேர் (டிரம்ஸில் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) காதுக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டுமா, தூரத்து அறையில் ஒலிப்பது போல இருக்க வேண்டுமா என்றெல்லாம் முடிவெடுப்பவர். இப்படிப்பட்டவருக்குக் கைக்கு ஒரு பரம்பரை, காதுக்கு ஒரு பரம்பரை. இரண்டும் ஒரே ஊரிலிருந்து, ஒரே காலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கரீம் ரிக்கின்ஸை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை இம்மானுவேல் ரிக்கின்ஸ் கீபோர்டு கலைஞர். கிதார் கலைஞர் கிராண்ட் கிரீனோடு வாசித்தவர். மகன் ஜாஸ் டிரம்மராக வளர்ந்து பெட்டி கார்ட்டர், ரே பிரவுன், டயானா க்ரால் போன்ற பெரியவர்களோடு மேடை ஏறினார். அதே ஆள் ஹிப்ஹாப் பாட்டுகளுக்கு அடித்தளமான தாள இசையை, அதாவது பீட்டுகளையும் தயாரித்தார். 2006-இல் ஜே டில்லா என்ற புரொட்யூசர் இறந்தபோது, அவர் முடிக்காமல் விட்டுப்போன ஆல்பத்தை முடித்துக் கொடுத்ததும் ரிக்கின்ஸ்தான். ஜாஸ் மட்டும் தெரிந்த ஒருவர் அவரைப் பாதி புரிந்துகொள்வார், ஹிப்ஹாப் மட்டும் தெரிந்தவர் மறு பாதியை.

சரி, தாக்கம் என்றால் என்ன? 'பாணி' என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. பாணி என்பது பல சின்னச் சின்னப் பழக்கங்களின் மூட்டை. ஒவ்வொரு பழக்கமும் தனித்தனியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். ஒரு டிரம்மரிடம் கவனிக்க வேண்டிய பழக்கங்கள் சில: அடி எங்கே விழுகிறது, எந்தக் கருவியில் விழுகிறது, எவ்வளவு அழுத்தமாக விழுகிறது, விழுந்த அடி எப்படி ஒலிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூதாதையர் இருக்கலாம்.

இதை ஒரு டிரம்மரே வாய்விட்டு விளக்கிய சம்பவம் உண்டு. டோட்டோ இசைக்குழு 1982-இல் வெளியிட்ட 'ரோசன்னா' பாட்டின் தாளம் உலகெங்கும் டிரம்ஸ் மாணவர்கள் பயிலும் பாடம். அதை வாசித்தவர் ஜெஃப் போர்காரோ. அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பயிற்சி வீடியோவில் அவரே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பகுதி, ஸ்டீலி டான் குழுவின் 1977-ஆம் ஆண்டு பாட்டு ஒன்றில் பெர்னார்டு பர்டி வாசித்தது. இன்னொரு பகுதி, லெட் செப்பலின் குழுவின் 1979-ஆம் ஆண்டு பாட்டு ஒன்றில் ஜான் பானம் வாசித்தது. மூன்றாவது, 1955-இல் கிதார் கலைஞர் போ டிட்லி பிரபலமாக்கிய தாள வடிவம். அதைக் காலால் கிக் டிரம்மில் வைத்தார்.

இது எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நம் தாள முறையில் சொன்னால் இது திஸ்ர நடை. ஒவ்வொரு அட்சரமும் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) மூன்றாகப் பிரிகிறது. முதல், மூன்றாம் துண்டுகளை வலது கை ஹைஹாட்டில், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தட்டுகளில் வாசிக்கிறது. நடுத்துண்டை இடது கை ஸ்னேரில் மிக மெல்லத் தொடுகிறது. கேட்டும் கேட்காத அந்த அடிக்கு கோஸ்ட் நோட் என்று பெயர். நான்கு அட்சரத்தில் மூன்றாவதில் மட்டும் ஸ்னேர் ஓங்கி விழுகிறது. அதனால் மேலே வேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும் அடியில் பாட்டு நிதானமாக நடப்பது போலத் தோன்றும். இந்த நடைக்கு 'பர்டி ஷஃபிள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பானமும் இதே நடையைத்தான் எடுத்தார், ஆனால் தன் உடம்பின் எடையோடு வாசித்தார். போர்காரோவின் சொந்தச் சரக்கு எங்கே என்று கேட்டால், மேலே இந்த இருவரையும் கீழே போ டிட்லியையும் சேர்த்து, மூன்றும் இடிக்காமல் ஓடவிட்டதில் இருக்கிறது. பிறரிடமிருந்து எடுப்பதைப் பற்றி வெட்கப்படும் மாணவர்கள் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். எடுத்ததை மறைக்காமல் சொல்கிறார். அவருடைய தனித்தன்மை அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். போ டிட்லியின் அந்த வடிவம், கியூப இசையில் கிளாவே என்று வழங்கும் ஐந்து அடித் தாள வடிவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது: முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு. கிளாவேயின் வேர்களோ அட்லாண்டிக்கைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. இன்று தன் அறையில் உட்கார்ந்து 'ரோசன்னா'வைப் பழகும் பதினாறு வயதுப் பெண்ணின் வலது காலில் இவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது. கியூப இசையை அவள் ஒரு தடவை கூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

கையின் கதை இது. காதின் கதைக்கு வருவோம்.

1971-இல் வெளிவந்த லெட் செப்பலின் ஆல்பம் ஒன்றின் கடைசிப் பாட்டில் வரும் டிரம்ஸ் ஒலி புகழ்பெற்றது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஆங்கிலேய வீட்டில், படிக்கட்டுக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேல் மாடியில் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். அடியின் ஒலியை விட அந்தக் கூடத்தின் முழக்கம்தான் அதில் பெரிதாகக் கேட்கும். 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்ஹாப் குழு அந்த டிரம்ஸை அப்படியே சாம்பிளாக எடுத்துத் தங்கள் முதல் ஆல்பத்தைத் தொடங்கியது. சாம்பிள் என்றால் ஏற்கெனவே பதிவான இசையிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாட்டில் பயன்படுத்துவது. இங்கே ஒரு நுணுக்கம்: இப்படி வெட்டியெடுக்கும்போது பானமின் கை மட்டும் வருவதில்லை. ஆண்டி ஜான்ஸின் காதும் அந்தப் படிக்கட்டும் சேர்ந்தே வருகின்றன. ஒரு புரொட்யூசரின் தாக்கங்களைத் தேடும்போது இசைக் கலைஞர்களோடு ஒலிப்பதிவாளர்களையும் அறைகளையும் தேட வேண்டியிருப்பது இதனால்தான். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இயந்திரங்களும் மூதாதையர்தாம். 1980-இல் ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1, நிஜ டிரம்ஸின் ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து திருப்பி ஒலிக்கச் செய்த முதல் டிரம் மெஷின். அதே ஆண்டு வந்த ரோலண்ட் டிஆர்-808 நிஜ ஒலியைப் போலவே இல்லை. அதன் நீண்ட, ஆழமான கிக் ஒலி பிற்பாடு ஒரு தனி உலகத்தையே உருவாக்கியது. லின் பின்னர் அக்காய் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த எம்பிசி 60 என்ற கருவி 1988-இல் வந்தது. அதில் சாம்பிள்களை ரப்பர் பொத்தான்களில் ஏற்றி விரலால் தட்டி வாசிக்கலாம். தட்டியதை இயந்திரமே சரியான இடத்துக்கு நகர்த்தி வைக்கவும் செய்யும். இதற்கு குவாண்டைஸ் என்று பெயர்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது இனி வரும் பகுதிதான். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்றொரு டிரம்மர் இருந்தார். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் சில நொடிகள் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர் மட்டும் வாசிக்கிறார். ஹைஹாட் தொடர்ந்து ஓட, ஸ்னேரில் கோஸ்ட் நோட்டுகள் சலசலக்கும் அந்தச் சில நொடிகள் பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சாம்பிளாகப் போயின. பாட்டை எழுதியவர்களின் பட்டியலில் ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் கிடையாது. அதனால் ராயல்டியும் கிடையாது. தாக்கங்களைத் தேடி எழுதுவது வெறும் ரசனை வேலை இல்லை, அது கணக்கைச் சரிசெய்யும் வேலையும்கூட என்று நான் நினைப்பதற்கு அவர்தான் காரணம்.

அந்தத் துண்டுகளையும் அவை போன்ற பிற துண்டுகளையும் கேட்டு வளர்ந்த தலைமுறை, அவற்றை எம்பிசியில் ஏற்றி வாசித்தது. அந்தத் தலைமுறையில் தனித்து நின்றவர் ஜே டில்லா. இயந்திரம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தரத் தயாராக இருந்தும் அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு கருவி நேராக நடக்கும், இன்னொன்று ஷஃபிள் பக்கம் சாயும், கிக் எதிர்பார்த்த இடத்தில் விழாது. கேட்பவருக்குத் தடுமாறுவது போலத் தோன்றும், ஆனால் விழாது. அவர் பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ், டில்லாவின் பீட்டுகளைக் கேட்ட பிறகு தன் வாசிப்பே மாறியதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். 2000-இல் வந்த பாடகர் டிஏஞ்சலோவின் ஆல்பத்தில், இயந்திரத்தில் பிறந்த அந்தச் சாய்வை அவர் நிஜ டிரம்ஸில், நிஜக் கையால் வாசித்தார். கையில் தொடங்கியது இயந்திரத்துக்குள் போய், வேறு உருவத்தில் மறுபடி கைக்கு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஜோஜோ மேயரும் இதே பாதையில் நடந்தவர். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் 7 நொடித் தனியாவர்த்தனத்தை வெட்டி, வேகமாக்கி, கலைத்து அடுக்கித்தான் பிரிட்டனில் ஜங்கிள் என்ற வேகமான நடன இசை பெரிதும் வளர்ந்தது. கணினி அடுக்கிய அந்த அசுர வேகத் தாளங்களை மனிதக் கையால் வாசித்துக் காட்டியவர் மேயர்.

ஆக, இன்றைய இளம் டிரம்மர் குவெஸ்ட்லவ்வின் வீடியோவைப் பார்த்துப் பழகினால், அவர் கையில் டில்லாவின் எம்பிசி இருக்கிறது. அதற்கும் அடியில் ஸ்டபிள்ஃபீல்டின் தலைமுறை இருக்கிறது. அவரிடம் கேட்டால் குவெஸ்ட்லவ் பெயரை மட்டுமே சொல்வார். அவர் சொன்னது சரியான பதில்தான், ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணி.

இசைத்தட்டுகளில் கிடைக்காத தாக்கங்களும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலது கைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸில் வாசித்தார். அதனால் பாட்டின் இடைவெளிகளை நிரப்பும்போது அவர் கை போகும் பாதையே மற்றவர்களுடையதிலிருந்து மாறியது. அதற்கு எந்தக் குருவும் இல்லை, உடம்புதான் குரு. ஸ்டபிள்ஃபீல்டோ, சிறுவயதில் தன் ஊரின் தொழிற்சாலைகளும் ரயில்களும் எழுப்பிய ஓசையிலிருந்து தாளத்தைப் பிடித்தவர். நைஜீரிய டிரம்மர் டோனி ஆலன், பாடகர் ஃபேலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற இசை வகையை உருவாக்கியவர். அமெரிக்க ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் ஹைஹாட் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியதைப் படித்து ஆலன் ஹைஹாட் பழகினார். கடல் தாண்டி ஒரு பத்திரிகைப் பக்கம் வழியாக வந்த தாக்கம்! இந்தக் காலத்து இளைஞருக்கு அந்த இடத்தில் வீடியோ இருக்கிறது. அதில் 1969-ஐயும் போன வாரத்தையும் ஒரே மாலையில் கேட்கிறார். எது முன், எது பின் என்ற வரிசை அவர் காதில் இல்லை. இதைக் குறையாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடுகிற நாம்தான் வரிசையை மறந்துவிடக் கூடாது.

இசை வகையை வைத்து மூதாதையரை ஊகிப்பதும் ஆபத்து. 1991-இல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் டேவ் க்ரோல் வாசித்ததைக் கேட்டால் பங்க் ராக்கின் பிள்ளை என்றுதான் யாரும் எழுதுவார்கள். அவரோ 2021-இல் பாடகரும் புரொட்யூசருமான ஃபர்ரெல் வில்லியம்ஸோடு பேசும்போது, கேப் பேண்ட், கேமியோ, ஷீக் குழுவின் டோனி தாம்சன் ஆகியோரிடமிருந்து ஏராளமாக எடுத்ததாகச் சொன்னார். எல்லாரும் ஃபங்க், டிஸ்கோ ஆட்கள். சொன்ன பிறகு கேட்டால் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு முன் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான தவறு, ஒத்திருப்பதையெல்லாம் தாக்கம் என்று எழுதிவிடுவது. நான்கு அட்சரத்தில் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழுவது உலகத்துக்கே பொதுச் சொத்து. அதை வைத்து எவரையும் எவரோடும் இணைக்க முடியாது. இரண்டு புரொட்யூசர்களின் 808 கிக் ஒரே மாதிரி இருந்தால் ஒருவர் மற்றவரைப் பின்பற்றுகிறார் என்று பொருளில்லை, இருவரும் ஒரே ஒலித் தொகுப்பைத் தரவிறக்கியிருக்கலாம். இருவருக்கும் பொதுவாக ஒரு மூன்றாமவர் இருக்கவும் வாய்ப்புண்டு. அரிதான அடையாளத்துக்குத்தான் எடை அதிகம். ஒரே பாட்டில் இரண்டு அரிதான பழக்கங்கள் சேர்ந்து வந்து, அந்த மூத்தவரின் இசை இளையவருக்குக் கேட்கக் கிடைத்ததற்கும் சான்று இருந்தால் நம்பி எழுதலாம். அவரே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. எது அவர் சொன்னது, எது உங்கள் காது சொல்வது, எது ஊகம் என்று பிரித்து எழுதிவிட்டால் படிப்பவரும் குழம்ப மாட்டார்.

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால் ஒரே ஒரு பாட்டோடு தொடங்குங்கள். டிரம்ஸை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பிரித்ததைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, முதல் தடவை ஹைஹாட்டை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை இடது கை. அப்புறம் கால். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் காது மயங்கிப்போய் ஒன்றும் பிடிபடாது.

அடி எங்கே விழுகிறது என்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 அட்சரம் ஓடும் பாட்டில் ஓர் அட்சரம் சுமார் 667 மில்லிசெகண்ட். அதில் கால் பங்கு சுமார் 167. இசை மென்பொருளில் அந்த அளவுக்குக் கோடுகள் போட்டுவிட்டு, ஸ்னேரின் அலை கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி எழுகிறது என்று பாருங்கள். எல்லா அடியும் கோட்டிலேயே நின்றால் குவாண்டைஸ் செய்திருக்க வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் அது கை. எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவில் தள்ளி நின்றால் அது ஒரு தேர்வு, யாரிடமிருந்தோ கற்ற தேர்வு. இந்த மூன்றாவது வகை கிடைத்தால் விடாதீர்கள். மூத்தவர்களின் பாட்டுகளையும் இதே போலக் கோட்டில் வைத்துப் பார்த்து எந்தச் சாய்வு பொருந்துகிறது என்று ஒப்பிடலாம்.

அந்தக் கலைஞரிடமே பேச வாய்ப்புக் கிடைத்தால் "யார் பாதித்தார்கள்?" என்று கேட்காதீர்கள். இடத்தைக் காட்டிக் கேளுங்கள். "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இடது கை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறதே, அதை முதலில் எங்கே கேட்டீர்கள்?" "இந்த ஸ்னேரில் இவ்வளவு அறை ஒலி வேண்டும் என்று எந்தப் பாட்டைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?" "முதன்முதலில் எந்த மென்பொருளில் பீட் போட்டீர்கள், அதில் தயாராக வந்த ஒலிகள் எவை?" இப்படிக் கேட்டால் வரும் பதில்களில் பிரபலங்கள் குறைவாக இருப்பார்கள். ஓர் ஆசிரியர், கூடப் பழகிய ஒரு நண்பன், வழிபாட்டில் வாசித்த ஓர் அண்ணன், பள்ளி பேண்டில் பக்கத்தில் நின்றவள் என்று பெயர்கள் வரும். அவர்களையும் எழுதிக்கொண்டு, அடுத்து அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று கேளுங்கள்.